பச்சை பல்பு எரியாத நாட்கள்

பதினோரு மணிக்கு டீ மணி அடிக்கும், அடித்ததும் எழுந்து வருவார்கள், வராமல் எங்கே போய்விடுவார்கள் என்று சென்னியப்பன் திரும்பவும் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்ன வேகத்திலேயே அதில் ஏதோ இடறியது, சோற்றுக்குள் கல் கடிபட்ட மாதிரி. டீக்கடைக்கு எதிரே பனியன் கம்பெனியின் நீலக் கேட் சாத்திக் கிடந்தது. கேட்டுக்குப் பின்னால் தகரக் கூரை, கூரைக்கும் பின்னால் பாய்லரின் புகைபோக்கி, அதன் வாயில் கானல் மாதிரி நெளிகிற சூடு. அந்தப் புகைபோக்கி நிற்கிற அறையின் சுவரை ஒட்டி, கடைசித் தையல் வரிசையில், அவருடைய மகள் வாலண்டினா உட்கார்ந்திருந்தாள். விண்வெளிக்குப் போன ருஷ்யப் பெண்ணின் பெயரை ஆசையாசையாக அவர்தான் வைத்தார். கம்பெனியில் அதை வாலா என்று நறுக்கிவிட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்பதங்குலச் செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து பாய்லர் வெடிக்காமல் காக்கிற வால்வு அடிக்கடி திறந்து ஆவி வீணாகிறதென்று அதன் கையில் ஒரு இரும்புக் குண்டைக் கூடுதலாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாய்லரைப் பார்த்துக்கொள்கிற ஆளே அவளிடம் சொன்னான், சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வரவில்லை. பாய்லரைச் சோதிக்கிற அதிகாரி வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும், வருகிற அன்று குண்டு இருக்காது, போனதும் தொங்கும். மனுவெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. குண்டை அவிழ்க்கிற வரைக்கும் உள்ளே போவதில்லை, டீ மணி அடித்ததும் ஒட்டுமொத்தமாக எழுந்து கேட்டுக்கு வருவது, அவ்வளவுதான் திட்டம். நாள் குறித்தது அவர். அவர் குறித்த நாள் தப்பியதில்லை என்று ஒரு காலத்தில் கோயமுத்தூர் மில் ரோடு முழுக்கப் பேச்சு உண்டு. தப்பியதுண்டு, ஆனால் அதை யாரும் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை.

“தலைவரே, இன்னொரு டீ போடட்டுங்ளா, இல்ல புரட்சி முடிஞ்சு குடிக்கறீங்ளா?” என்றான் டீக்கடை வெள்ளிங்கிரி.

“இப்பவே போடு. புரட்சிக்கு அப்பறம் உன்ர கடை பொதுவுடைமை ஆயிரும், காசு கேக்க முடியாது.”

“இப்ப மட்டும் குடுக்கறீங்ளாக்கும்,” என்று சிரித்துக்கொண்டே பால் சட்டியை அடுப்பில் தள்ளினான்.

சிரிக்கட்டும். இவனுக்கு என்ன தெரியும். நாள் குறிப்பது என்றால் பஞ்சாங்கம் பார்ப்பது என்று நினைக்கிறவன். அது ஒரு வித்தை, அதை அவர் யாரிடமும் படிக்கவில்லை. நாலணா, எட்டணாவுக்கு விற்ற சிறு பிரசுரங்களில் பாதி, மில்லுக்குள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது மீதி. தீபாவளி போனஸ் என்று ஒன்று இருந்ததே, அதை வைத்தே ஒரு வருஷம் முழுவதும் ஆளுடைய மனசு எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று சொல்லிவிடலாம். போனஸ் வாங்கிய மாதம் ஒருத்தனும் முறுக்காக வேலை செய்யமாட்டான், மேஸ்திரி கத்தினாலும் காதில் விழாது. சித்திரை, வைகாசி வரைக்கும் அந்தச் சோம்பல். ஆவணி பிறந்தால் முதுகு நிமிரும், புரட்டாசியில் பறப்பான், தீபாவளி நோம்பிக்கு முந்தின வாரம் கையே கண்ணுக்குத் தெரியாது. அந்த வாரத்தில் வேலை நிறுத்தம் என்று சொன்னால் முதலாளிக்கு உயிர் போகும், தொழிலாளிக்கு உயிர் வரும். எல்லார் கண்ணும் ஒரே தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தது; அந்தத் தேதியில் போய்க் கையை வைத்தால் போதும். அப்புறம் பீஸ் ரேட் வந்தது, இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று. எல்லாரும் அழிந்தோம் என்றார்கள். சென்னியப்பன் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டு முடிந்ததும் அடுத்த கட்டைத் தொடுவதற்கு முன்னால் ஆள் கொஞ்சம் நிற்பான். முதுகை முறிப்பான், தண்ணீர் குடிப்பான், பக்கத்து ஆளிடம் பொண்டாட்டி சண்டையைச் சொல்வான். எவ்வளவு அவசரக்காரனும் அந்தக் கொஞ்ச நேரம் நிற்காமல் இருக்கமாட்டான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் போய் நின்றுதான் அவர் சங்கம் கட்டினார். தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை, மறுநாள் இன்னொரு வார்த்தை. சங்கத்தைக் கட்டியது தத்துவம் என்று மேடையில் பேசுவார், ஆனால் கட்டியது அந்த இளைப்பாறல்தான். ஆள் மூச்சு விடுகிற இடத்தில்தான் பேச முடியும்.

இந்தக் கம்பெனியில் மூச்சு விடுகிற இடத்தை அடைத்துவிட்டார்கள். அடைத்தவன் மீசை கூட ஒழுங்காக முளைக்காத ஒரு மேனேஜர். கத்தமாட்டான், எல்லாரையும் அக்கா என்பான். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு பச்சை பல்பு மாட்டினான். வேறெதுவும் செய்யவில்லை, மெஷினைக்கூட மாற்றவில்லை. உங்கள் வரிசை பல்பு எரிந்தால் அந்த நிமிஷமே எழுந்து வீட்டுக்குப் போகலாம், அன்றைக்கு முழுச் சம்பளம். எப்போது எரியும், எந்த வரிசைக்கு எரியும், எதற்காக எரியும், ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை, எரிகிற சமயத்தில் வரிசையில் எல்லாரும் இருக்கையில் இருக்க வேண்டும். ஒருத்தி இடம் காலியாக இருந்தாலும் அந்த வரிசைக்கு இல்லை. முதல் வாரம் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று எரியவிட்டான். பத்தரை மணிக்கு வெயிலைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்த பெண்கள் இதே கடைவாசலில் நின்று சிரித்த சிரிப்பை அவர் பார்த்தார், சிறையிலிருந்து விட்ட மாதிரி. வாலாவும் ஒருநாள் வந்தாள். அப்பா, இன்னிக்குப் பகல்ல தூங்கப் போறேன் என்றாள், கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அதற்காகவாவது அந்த மேனேஜர் பயலை மன்னிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதற்காகவே அவனை இன்னும் வெறுத்தார். பிறகு எரிவது குறைந்தது. வாரத்துக்கு ஒன்று, அப்புறம் எப்போதாவது. குறையக் குறைய அவர்கள் எழுந்திருப்பதும் குறைந்தது. டீக்கு எழுந்திருப்பதில்லை, தள்ளுவண்டி உள்ளேயே வருகிறது. தண்ணீர் குடிப்பதில்லை, குடித்தால் கழிப்பறைக்கு எழவேண்டும். அப்படி எழுந்த நேரத்தில் பல்பு எரிந்து, மெஷினில் குனிந்திருந்தவர்கள் தலை தூக்குவதற்குள் அணைந்தும் போனதென்று கர்ப்பிணி ஒருத்தியை வரிசையே ஒரு மாதம் பேசாமல் வைத்திருந்தது. மேனேஜர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையே அவனுக்கு இல்லாமல் போயிற்று.

ஆனால் இப்போது பல வாரமாக ஒரு பல்புகூட எரியவில்லை. அதனால்தான் இந்த நாள். ஏமாந்தவர்கள் எவ்வளவு நாள் பொறுப்பார்கள், வயிறு எரிந்திருக்கும், இப்போது ஒரு தீக்குச்சி போதும் என்று அவர் கணக்குப் போட்டார். பாய்லர் பயம் ஒரு பக்கம், பல்பு ஏமாற்றம் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்தால் கல்லும் எழுந்து நடக்கும். சரியான கணக்கு. போனஸை இழுத்தடித்தபோது மில்லில் அப்படித்தானே நடந்தது, தேதி தாண்டி ஒரு வாரம் ஆனதும் ஆட்கள் தானாக வெளியே வந்து நின்றார்களே. சரியான கணக்குத்தான்.

“உள்ளயிருந்து யாரும் வரமாட்டாங்க போலிருக்குதுங்,” என்றான் வெள்ளிங்கிரி, டம்ளரை வைத்துக்கொண்டே.

“ஏன் அப்படிச் சொல்றே?”

“காலையில கேட்டுக்குள்ள போறப்ப ஒருத்தி நிக்கலீங். நடையா அது, ஓட்டம். இத்தன நாளா எரியல, இன்னிக்கு எப்படியும் எரிஞ்சுதான ஆகோணும்னு பேசிக்கிட்டுப் போறாங்க. நூல் பிசிர் வெட்டற ருக்குமணி இருக்குதுங்களே, அதுக்கு நேத்திருந்து காய்ச்சல். அதுகூட வந்திருச்சு. லீவு போட்ட அன்னிக்குப் பாத்து எரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு.”

சென்னியப்பன் டம்ளரை எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகாமல் திரும்ப வைத்தார். இன்னிக்கு எப்படியும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கேயோ படித்த ஒரு புறா ஞாபகம் வந்தது, ஏன் புறா என்று முதலில் விளங்கவில்லை. சிறையில் கையில் கிடைத்த ஒரு பிரசுரம், அட்டை போனது, மொழிபெயர்ப்பும் மோசம். ஏதோ ஒரு அமெரிக்கப் பேராசிரியரின் சோதனை என்று எழுதியிருந்தது. கூண்டில் ஒரு புறா, ஒரு பொத்தான். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசிக்குக் கொத்தும்; தானியம் நின்றால் சில தடவை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். குறித்த நேரத்துக்கு ஒரு தரம் விழுந்தால், விழுந்ததும் சும்மா இருந்துவிட்டு நேரம் நெருங்கும்போது கொத்தும். இத்தனை கொத்துக்கு ஒன்று என்றால் தின்றுவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறும். எப்போது விழும் என்று தெரியாதபடி விழவைத்தால் மட்டும் இளைப்பாறாது. தானியத்தை அடியோடு நிறுத்திவிட்ட பிறகும் கொத்திக்கொண்டே இருக்கும், இறகு உதிரும், அலகு தேயும், அப்போதும் கொத்தும். முதலாளித்துவ விஞ்ஞானம், மனிதனைப் பறவையாக்கிப் பார்க்கிற வேலை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தது அவர்தான். நல்ல கையெழுத்தில் எழுதினார். அதைப் படித்துக் காட்டியபோது பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை. தீபாவளிக்கு முந்தி உயிர் பெற்றவர்கள், கட்டு முடிந்ததும் தண்ணீர்ப் பானைக்குப் போனவர்கள், எல்லாரும் அந்தப் பக்கங்களில் வரிசையாக இருந்திருக்கிறார்கள், அவர்தான் பார்க்கவில்லை. தேதி தாண்டினால் கோபம் வரும், தேதி இருந்தால். இங்கே தேதியே கிடையாதே. தாண்டுவதற்கு என்ன இருக்கிறது. எரியாத ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஏமாற்றம் இல்லை, எரியப்போகிற நாளுக்கு இன்னும் ஒரு நாள் பக்கம். பல்பு தினம் இரண்டு தரம் எரிந்துகொண்டிருந்த சமயத்தில் கூப்பிட்டிருந்தால்கூடச் சில பேர் வந்திருப்பார்கள், இன்று போனால் நாளை என்று. வருஷத்திலுள்ள அத்தனை நாட்களிலும், ஒருத்திகூட இருக்கையை விட்டு எழமுடியாத நாளைத் தேடிப் பிடித்து அவர் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

கடையின் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இருந்தது, கொஞ்சம். ஆள் அனுப்பி நிறுத்திவிடலாமா. யாரை அனுப்புவது. காலையில் வாலா தலை பின்னிக்கொண்டே கேட்டாள், ஏப்பா, எல்லாரும் வருவாங்கதான என்று. நீ முதல்ல எந்திரி அம்மிணி, ஒருத்தர் எந்திரிச்சா போதும், மத்தவங்க காலு தானா எந்திரிக்கும் என்றார். எவ்வளவு தீர்மானமாகச் சொன்னார். அவள் ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு அவரைப் பார்த்தாள், நம்பினாளா, சலித்துக்கொண்டாளா, அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று இப்போது பிடிபடவில்லை. மற்றவர்கள் எழமாட்டார்கள். அவள் எழுவாள், அவர் பெண் அல்லவா. தனியாக எழுந்து, தனியாக அந்த நீளமான ஷெட்டைக் கடந்து, தனியாக இந்தக் கேட்டுக்கு வருவாள். வேலை போகும். போகட்டும். வெளியே வந்துவிட்டாளென்றால் சுவரும் பாய்லரும் அவளுக்குப் பின்னால் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, இளகியதைக் கண்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஷெட் முழுக்கப் பெண்கள் இருக்கிறார்கள், காய்ச்சலோடு ருக்குமணி இருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இருக்கிறாள், தலைவர் என்று சொல்லிக்கொள்கிறவன் அவர்களை விட்டுவிட்டுத் தன் பெண் மட்டும் வந்தால் போதும் என்று டீக்கடையில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறான். யாரிடம் வேண்டிக்கொள்கிறான், சாமி இல்லை என்று இதே வாயால் எத்தனை மேடையில் பேசியிருக்கிறான். வரட்டும், அவளாவது வரட்டும். இல்லை, எல்லாரும் வரட்டும். கூரைக்கு மேலே அந்தச் சூடு நெளிந்துகொண்டே இருந்தது. நெளிவது அதிகமாகியிருக்கிறதா, வெயில் ஏறியதால் அப்படித் தெரிகிறதா.

ஏன் இப்படி ஒரு கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒரு கேட். மில் கேட், சாயப்பட்டறை கேட், நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் கேட், கலெக்டர் ஆபீஸ் கேட். ஒரே ஒருநாள் மில்லின் மூன்று ஷிப்டும் சேர்ந்து வெளியே வந்தது, அன்றைக்கு அவர் குரல் கொடுக்கக் கொடுக்க ரோடே பதில் சொன்னது, தரையிலிருந்து உள்ளங்காலுக்கு அது ஏறி வந்தது. அதற்குப் பிறகு எங்கே அப்படி. எங்கேயாவது ஒரு தண்ணீர்க் குழாய் கிடைத்தது, ஒரு கழிப்பறைக் கதவு, ஒரு இடத்தில் வேலையை விட்டு நிறுத்திய ஆளைத் திரும்ப எடுத்தார்கள். பல தடவை ஒன்றும் இல்லை, அடி உதைதான். முதலாளிகள் எப்போதும் இல்லை என்றே சொல்லியிருந்தால் அவர் வேறு வழி யோசித்திருப்பார், அல்லது மளிகைக்கடை வைத்திருப்பார். எப்போதும் சரி என்றிருந்தால் போராட்டமே தேவையில்லை. எப்போதாவது ஒரு குழாய், எப்போதாவது ஒரு கதவு. எப்போது என்று தெரியாதபடி. சே, இது என்ன புத்தி. புறாவுக்குக் கொள்கை உண்டா. புறா எதற்காகக் கொத்துகிறது என்று அதற்குத் தெரியுமா. தனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார், ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான். தெரிந்து செய்தால் அது வேறு என்று எந்தப் பிரசுரத்திலாவது எழுதியிருக்கிறதா என்று மனசு தேடியது. தேடிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது.

அவர் எழுந்து ரோட்டைக் கடந்தார். ஒரு லாரி அவரைத் திட்டிவிட்டுப் போனது. கேட்டுக்குப் பின்னால் மெஷின் சத்தம், மழை தகரத்தில் விழுகிற மாதிரி, ஒரே சீராக. மணிக்காக ஒரு மெஷினாவது நின்றதா என்று காதைத் தீட்டினார். நிற்கவில்லை. கேட்டை ஒட்டிய சின்னக் கதவு திறந்தது. வெளியே தலை நீட்டியது வாட்ச்மேன் ஆறுச்சாமி, ஒரு காலத்தில் மில்லில் அவரோடு கொடி பிடித்தவன், இப்போது காக்கிச் சட்டைக்குள் கூச்சப்பட்டு நிற்கிறவன்.

“வரலீங் தோழர்,” என்றான்.

“எங்கம்மிணி?”

“அது எந்திரிச்சுதுங். ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் வாறேன். எந்திரிச்சு, வாங்கன்னு எல்லாத்தையும் பாத்துக் கூப்புட்டுது. பக்கத்துல இருந்தவளுக ரெண்டு பேரும் துப்பட்டாவப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டாங்க. அடிக்கலீங், அழுதுக்கிட்டே இழுக்கறாங்க. நீ போனா எங்களுக்கும் போயிருமே, இன்னிக்கு ஒருநாள் உக்காருன்னு.” ஆறுச்சாமி ரோட்டை இருபுறமும் பார்த்துவிட்டுக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தான். “மேனேஜர் இன்னும் வரலீங். நீங்களே உள்ள போங்க. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. பெத்த அப்பன் கூப்பிட்டா அவளுக விட்டுத்தான ஆகோணும். நாலு எட்டுத்தானுங்.”

திறந்த கதவுக்குள் சிமெண்ட் முற்றம் தெரிந்தது, முற்றத்தின் மறுகோடியில் ஷெட்டின் வாசல். அங்கிருந்து வெந்த துணியின் வாடையும் சூடும் வந்தன. நாலு எட்டுத்தான். போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம், துப்பட்டாவை அவர்களிடமே விட்டுவிட்டு வரலாம். மற்றவர்கள் பார்ப்பார்கள். சென்னியப்பன் தன் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனான் என்று ஊர் முழுக்கத் தெரியும். தெரியட்டும். ஒரு காலை எடுத்து வாசற்படியில் வைத்தார். வைத்த கால் அங்கேயே நின்றது. உள்ளே போவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் குரல் கொடுத்துப் பார்த்தால் என்ன. அவர் குரல் அவர்கள் காதில் விழவே இல்லையே. இவ்வளவு தூரம் வந்து குரல் கொடுக்காமல் எப்படி. முஷ்டியைத் தூக்கினார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“தொழிலாளர் ஒற்றுமை!”

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம், மெஷின்களின் அடியிலிருந்து, நீளமான ஷெட்டின் கோடியிலிருந்து, ஒரே ஒரு பெண்குரல், யாரோ வாயைப் பொத்தப் பொத்த வருகிற மாதிரி, ஓங்குக என்றது.

அவள்தான். உள்ளங்காலில் ஏதோ ஏறியது. ஏறுவது என்னவென்று அவருக்குத் தெரிந்தது, தானியம் விழுந்த சத்தம் என்று மனசின் ஒரு மூலை தெளிவாகவே சொன்னது, அந்த மூலையை அவர் பார்க்கவில்லை. ஒன்று வந்தால் இரண்டு வரும். இரண்டு வந்தால் ஒரு வரிசை. திரும்பவும் குரல் கொடுத்தார். பதில் இல்லை. திரும்பவும். பதில் இல்லை. குரல் உடைந்தது, காறித் துப்பிவிட்டுத் திரும்பவும் கொடுத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளிங்கிரி அடுப்பைவிட்டு வந்து நின்று பார்த்தான், சிரிக்கவில்லை.

“தோழர், போதுங்,” ஆறுச்சாமி அவர் முழங்கையைத் தொட்டான். “மேனேஜர் காரு அந்த முக்குல திரும்பிருச்சு. கதவச் சாத்தோணும். இப்பப் போனாத்தான் உண்டு. போங், போயி புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்.”

“இரு,” என்றார் சென்னியப்பன், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, ஷெட்டின் வாசலையே பார்த்துக்கொண்டு. “ஒரே ஒரு தடவை, ஆறுச்சாமி. இந்தத் தடவை வந்துருவாங்க.”